முதலில் நாளைக் குறியுங்கள்

அப்பழுக்கில்லாமல் முடித்த பிறகுதான் பிறருக்குக் காட்டுவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் நண்பர்கள் எனக்கு நிறைய. கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவர் தம் சிறுகதைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்திக்கொண்டே இருக்கிறார். கதையில் வரும் பிள்ளைகளின் வயதில் அன்று இருந்தவர்கள் இப்போது பல்கலைக்கழகம் போகிறார்கள். கொட்டாஞ்சேனையில் ஒருத்தி அருமையாக வீணை வாசிப்பாள் என்று அவளுடைய அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஓய்வு நேரத்தில் படம் வரைகிறவள் நான். சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்த படங்கள் என் வீட்டிலும் உண்டு.

இதற்குச் சமூக ஊடகங்களில் ஒரு மருந்து மலிவாகக் கிடைக்கிறது. குறையை நேசியுங்கள், குறைதான் அழகு என்பார்கள். கூடவே ஒரு கிராமத்துக் கூத்துப் படத்தையோ களிமண் சட்டியையோ போட்டு, "நம் உள்ளூர்க் கலைஞர்களைப் பாருங்கள், எவ்வளவு இயல்பாக, எந்தக் கவலையும் இல்லாமல் படைக்கிறார்கள்" என்று எழுதுவார்கள். விருப்பக்குறிகள் குவியும்.

எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. கூத்தர் கவலையில்லாமல் ஆடுகிறார் என்று எழுதுகிறவர் கூத்துப் பழக்கும் ஆசானான ஓர் அண்ணாவியாரின் முன்னால் ஒரு மாலைப்பொழுதுகூட நின்றிருக்க மாட்டார். தாளம் ஓர் இம்மி பிசகினால் மத்தளம் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். கால் வலிக்கிறது என்றால் கேட்க ஆளில்லை. குறையை நேசிக்கும் அண்ணாவியார் எவரையும் நான் அறியேன்.

அப்படியானால் அவர்களிடம் இருப்பதும் எங்களிடம் இல்லாததும் எது? மட்டக்களப்பிலிருந்து வந்து கொழும்பில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், ஊரில் கூத்துப் பழகிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இது பிடிபட்டது. மட்டக்களப்பில் ஒரு கூத்தைப் பழகி மேடையேற்றுவதற்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. முதலில் சட்டம் கொடுத்தல். அண்ணாவியார் ஒவ்வொருவரின் குரலையும் தோற்றத்தையும் பார்த்து இன்னாருக்கு இந்தப் பாத்திரம் என்று முடிவுசெய்து, அவரவர் பாட்டுகளைக் கொடுப்பார். பிறகு இரவிரவாக ஆட்டம் பழகுவார்கள். கால் ஓரளவு படிந்ததும் நல்ல நாள் பார்த்துச் சதங்கை அணிவிழா. அதன் பின்னர் கிழமைக்கூத்து.

இந்தக் கிழமைக்கூத்துதான் விஷயம். கிழமைக்கொரு தடவை, பழகியது வரைக்கும் ஊர்ச்சனங்களின் முன்னால் ஆடிக் காட்ட வேண்டும். கூத்து உடுப்பு இல்லை, கிரீடம் இல்லை. பாட்டு பாதியில் மறக்கும். சுற்றியிருந்து பார்ப்பவர்களோ இதே கூத்தை முன்பு ஆடியவர்கள், அல்லது ஆடியவர்களின் பிள்ளைகள். "உன் தகப்பன் இந்த வரவை இப்படியா ஆடினான்?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். அடுத்த கிழமை அதே ஆட்கள் அதே இடத்தில் வந்து உட்காருவார்கள். அது முடிந்து அடுக்குப் பார்த்தல் என்னும் கடைசி ஒத்திகை. கடைசியில்தான் விடிய விடிய அரங்கேற்றம். அரங்கேற்றத்திலும் பாருங்கள், வட்டக்களரி என்னும் வட்டமான ஆடுகளத்தில் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் ஏடு பார்ப்பவரும் கூத்தர்களோடு கூடவே நிற்கிறார்கள். பாட்டை எடுத்துக்கொடுப்பது எல்லாரும் பார்க்கவே நடக்கிறது. அதை ஒளிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதில்லை.

கூத்தர் தயாராகிவிட்டாரா என்று கூத்தரிடம் எவரும் கேட்பதில்லை. அதை நாள் முடிவுசெய்கிறது. எங்கள் முறை நேர்மாறு. தயார் என்று நமக்குத் தோன்றும் வரைக்கும் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறோம்; அந்த நாளோ வருவதில்லை. நாம் தரத்தின் மீது கொண்ட காதல் என்று பெருமையாகச் சொல்வதில் பாதி, நாள் குறிக்கப் பயம் என்றுதான் நினைக்கிறேன். மீதிப் பாதி, பார்க்கப் போகிறவர் யார் என்று தெரியாத பயம். கைத்தொலைபேசிக்குள் உலகம் முழுவதும் இருந்து பார்ப்பதாக ஒரு கற்பனை. அத்தனை பேருக்கும் முன்னால் ஆடுவதற்கு யாருக்குத்தான் கால் வரும்?

கொழும்பில் இருந்துகொண்டு நாள் குறித்த கலையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மே மாதம் வெசாக் பண்டிகைக்கு வெளிச்சக் கூடு கட்டும் பிள்ளைகளைப் பாருங்கள். மூங்கில் கீலங்களை வளைத்து, கட்டி, மெல்லிய வண்ணத்தாள் ஒட்டி, எண்பட்டைக் கூடு செய்வது இலேசான வேலை அல்ல. ஒரு கீலம் கோணினால் முழுக் கூடும் கோணும். ஆனாலும் பௌர்ணமி இரவு அது வாசலில் தொங்கியே ஆக வேண்டும். மழை வந்தால் தாள் கரைந்து போகும். அடுத்த வருஷம் புதிதாகக் கட்டுவார்கள். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் ஆடிவேல் ரதத்தின் அலங்காரமும் அப்படித்தான். ஆடிமாதம் யாருக்காகவும் தள்ளிப்போவதில்லை. கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுக்கொரு தடவை திரும்ப நடக்க வேண்டும் என்று வைத்தவர்களுக்கு, முடிந்த வேலை என்று உலகில் ஒன்றும் இல்லை என்பது தெரிந்திருக்கிறது.

கோலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளவத்தை மாடிக்குடியிருப்புகளில் இப்போது ஒட்டுக்கோலம் வந்துவிட்டது. ஒரு புள்ளி பிசகாது, ஒரு கோடு நடுங்காது, மாதக்கணக்கில் வாசலில் அப்படியே கிடக்கும். அதை ஒட்டிய வீட்டில் எவரும் அதைக் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை. பொங்கலன்று விடியற்காலை மாவில் போட்டு மதியத்துக்குள் மிதிபட்டுப் போகும் கோலத்தைத்தான் அக்கம்பக்கத்தார் நின்று பார்க்கிறார்கள், "இந்த மூலையில் ஒரு புள்ளி கூடிவிட்டது" என்று குறையும் சொல்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு நண்பர் மறுத்தார். களனி விகாரையில் சோலியஸ் மென்டிஸ் ஆண்டுக்கணக்கில் சுவரோவியம் வரைந்தாரே, அவரையும் அவசரப்படுத்தியிருப்பாயா என்று. நியாயமான கேள்வி. ஆனால் காலம் எடுப்பது வேறு, காட்டாமல் வைத்திருப்பது வேறு. நாள் மட்டும் இருந்தால் கலை வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. வாரப் பத்திரிகை ஒன்றில் பக்கம் வடிவமைத்தவள் நான். அச்சுக்குப் போகும் நேரம் நெருங்கும்போது பிறப்பதெல்லாம் கலை என்றால் இந்த நகரத்தில் என்னைவிடப் பெரிய கலைஞர் இருக்க முடியாது. நாளோடு அந்த ஊர்ச்சனமும் வேண்டும். விஷயம் தெரிந்த, குறை சொல்லக் கூசாத, அடுத்த தடவையும் வரப்போகிற சிலர்.

புதுமைக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கும் இந்த நகரத்திலேயே பதில் இருக்கிறது. சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர யப்பானுக்குப் போய் அங்குள்ள மரபு நாடகங்களைப் பார்த்தவர். பார்த்துவிட்டு யப்பானிய நாடகம் போடவில்லை. நாடகம என்னும் இங்குள்ள சிங்கள நாட்டார் நாடகத்தைத் தேடிப் போனார். அந்த நாடகமவின் வேரே தமிழ்க் கூத்தில்தான் இருக்கிறது. அவருடைய மனமே நாடகம் 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறியது. சிங்கள நாடகம் அதற்குப் பிறகு பழையபடி இருக்கவில்லை. அடுத்து அறுபதுகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவியாரைக் கூட்டிவந்து மாணவர்களைப் பழக்கினார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, வட்டக்களரியை விட்டு நகரத்து மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர் 1962இல், இராவணேசன் 1964இல். கூத்தின் தூய்மை கெட்டது என்று இன்றைக்கும் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. பிடிக்கட்டும். தூய்மை கெட்டுவிடுமோ என்று அவர் ஏட்டைப் பெட்டிக்குள் வைத்திருந்தால், கூத்து என்றால் முகம் சுளித்த நகரத்துத் தமிழர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

ஓவியத்திலும் இதே கதை. 1943இல் கூடிய '43 குழு ஓவியர்களுக்கு அப்போது இங்கே கோலோச்சிய மேல்நாட்டுக் கல்விமுறை ஓவியம் போதவில்லை. அவர்களில் ஒருவரான மஞ்சுஸ்ரீ ஊர் ஊராய்ப் போய் விகாரைச் சுவரோவியங்களைப் பிரதி எடுத்தார். அதே குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியங்கள் பொரளை கோதமி விகாரையில் இருக்கின்றன. பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளூர்க் கலையிலிருந்து ஊக்கம் பெறுகிறோம் என்று கிளம்பும் எங்களைப் போன்றவர்கள், பறை அடித்தவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய சமூகத்திலிருந்துதான் வருகிறோம். அவர்களுடைய பிள்ளைகள் பறையைத் தொட மறுத்தது எதனால் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் கையில் பணத்தோடு போங்கள். படம் எடுத்துப் போட்டு "நம் வேர்கள்" என்று எழுதினால் அவருக்கு அரிசி கிடைக்காது.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? இந்த நாட்டில் ஒவ்வொரு பௌர்ணமியும் விடுமுறை. போயா என்னும் அந்த நாளில் மதுக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டிக் கிடக்கும். செய்வதற்கு வேறு வேலை இல்லை. அதையே எங்கள் நாளாக வைத்துக்கொண்டோம். போயா மாலையில் ஒருவர் வீட்டில் கூடுவோம். யாராவது வாசிப்பார்கள், யாராவது பாடுவார்கள், நான் இரண்டொரு படத்தைச் சுவரில் சாத்தி வைப்பேன். எங்களுக்குள் அதற்குக் கிழமைக்கூத்து என்றுதான் பெயர், மாதத்துக்கு ஒரு தடவைதான் நடக்கிறது என்றாலும். வீணைக்காரி வந்தாள், ஒரு கீர்த்தனத்தைப் பாதியில் நிறுத்தினாள், அடுத்த போயாவுக்கு முழுவதையும் வாசித்தாள். அனுபல்லவியில் சுருதி விலகியது என்று அவளுடைய அம்மாவே எல்லார் முன்னிலையிலும் சொன்னார். வீணை அதன் பிறகும் வந்துகொண்டுதான் இருக்கிறது. சிறுகதைக்காரர் இன்னும் வரவில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

கலாபொல என்னும் திறந்தவெளி ஓவியச் சந்தை ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் வழக்கமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடக்கிறது. 1993 முதல் அந்த நடைபாதையில் ஓவியர்கள் கையில் இருப்பதைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள், மாலையானதும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அடுத்த கலாபொலவுக்கு நான் விண்ணப்பிக்கப் போகிறேன். அதற்கு முன் சில போயாக்கள் இருக்கின்றன. கொழும்பில் இருப்பவர்கள், எதையாவது செய்து ஒளித்து வைத்திருப்பவர்கள், உள்பெட்டியில் எழுதினால் எந்த வீடு என்று சொல்கிறேன். வடையும் தேநீரும் உண்டு. "இது இன்னும் முடியவில்லை" என்று தொடங்குகிறவர்கள் தேங்காய் துருவ வேண்டும். அது மட்டும்தான் விதி.