முடி நட்டுவிட்டால் மருந்தே தேவையில்லையா?

“ஒருமுறை முடி நடும் அறுவை சிகிச்சை செய்துகொண்டால் போதும், வாழ்நாள் முழுவதும் மருந்தே வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இந்தச் சிகிச்சையில் பின்தலையிலிருந்து முடி வேர்களை எடுத்து முன்னே நடுகிறார்கள். பின்தலை முடி வேர்கள், வழுக்கைக்குக் காரணமான டிஹெச்டி ஹார்மோனின் தாக்குதலை பெரும்பாலும் தாங்குபவை. முன்னே நட்டாலும் அந்த இயல்பை இழப்பதில்லை. அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது இதைத்தான். ஆனால் நட்ட முடிகளுக்கு நடுவே பிறவியிலேயே இருக்கும் முடிகளுக்கு அந்தக் காப்பு கிடையாது. அவை தொடர்ந்து மெலிந்து உதிரும். சில ஆண்டுகளில் நட்டது மட்டும் தீவு போலத் தனித்து நிற்கலாம். பின்தலையில் எடுக்கக்கூடிய வேர்களோ அளவானவை. எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்க முடியாது.

இருக்கும் முடியைக் காக்கவே மினாக்சிடில், ஆண்களுக்கு ஃபினாஸ்டிரைடு ஆகிய மருந்துகள். நிறுத்தினால் சில மாதங்களில் பலன் போய்விடும். ஃபினாஸ்டிரைடு சிலருக்குப் பாலியல் பக்கவிளைவு தரலாம். கர்ப்பிணிகள் உட்கொள்ளவே கூடாது. தோல் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

இன்னொன்று: நட்ட முடி முதல் சில வாரங்களில் கொட்டுவது இயல்பு, தோல்வி அல்ல. மூன்று, நான்கு மாதங்களில் மீண்டும் முளைக்கத் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும்.