தமிழில் சொன்னால் இங்கிலீஷ் செத்தா போய்விடும்?

நேற்று இங்கிலீஷ் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் நடந்தது எல்லா ஆசிரியர் குழுக்களிலும் சுற்றிவிட்டது, தெரியாதவர்களுக்காக ஒரே வரியில் சொல்கிறேன். மாதிரி இங்கிலீஷ் வகுப்பில் இரண்டே வாக்கியம் தமிழில் சொன்ன என் தோழியைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால் "நீங்க தமிழ் டீச்சரா மேடம்?" என்று கேட்க அந்தப் பயிற்றுநருக்கு எப்படி மனசு வந்தது?

தமிழில் விளக்கினால் இங்கிலீஷ் வராது என்பது பொய். 'சின்ஸ்' (since), 'ஃபார்' (for) இரண்டும் ஒன்பதாம் வகுப்பு வரை என்னைப் படுத்தி எடுத்தன. எங்கள் சார் ஒருநாள் போர்டில் எழுதினார்: 'மூன்று நாளாகக் காய்ச்சல்', 'திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்'. 'ஆக' வந்தால் ஃபார், 'இருந்து' வந்தால் சின்ஸ். அவ்வளவுதான். இன்றுவரை அதில் நான் தடுமாறியதில்லை. இதையே 'பாயின்ட் ஆஃப் டைம்', 'பீரியட் ஆஃப் டைம்' என்று நடத்திப் பாருங்கள், நன்றாகத் தலையாட்டுவார்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் புது முறைகளுக்குக் குறைவே இல்லை. 2007இல் செயல்வழிக் கற்றல்: பிள்ளைகள் அட்டைகளை ஏணிப்படி போன்ற வரிசையில் தாங்களே படித்துப் போக வேண்டும். 2018இல் புதிய புத்தகம், க்யூஆர் கோடு (நல்ல புத்தகம்தான், எங்கள் ஊரில் சிக்னல்தான் இல்லை). 2022இல் சின்ன வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம். ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வைத்தார்கள். பிள்ளைகளிடம் யாராவது கேட்டார்களா? என் எட்டாம் வகுப்பில் கேட்டேன். "ஒரு தடவை தமிழ்ல சொல்லிடுங்க டீச்சர், அப்புறம் நாங்களே இங்கிலீஷ்ல சொல்றோம்" என்றாள் ஒருத்தி. இதைவிடவா ஒரு மெத்தடாலஜி?

"தமிழில் சொல்லிவிட்டு, கைடைப் பார்த்து போர்டில் எழுதிப் போடுகிற ஆசிரியர்கள் இல்லையா?" இருக்கிறார்கள். அதை இன்னொரு நாள் பேசலாம். "அப்புறம் பிள்ளைகள் எப்படிப் பேசுவார்கள்?" என்று கேட்பவர்களுக்கு: பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் தேர்வின் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்குத்தான். பேச்சுக்கு ஒன்றுகூடக் கிடையாது. வருடம் முழுக்கத் தேர்ச்சி சதவீதம் கேட்டுவிட்டு, பயிற்சி அன்று மட்டும் 'ஃப்ளூயன்சி' கேட்டால் எப்படி சார்?

"உங்கள் பிள்ளை கான்வென்டில்தானே?" இல்லை. என் வகுப்பிலேயேதான் உட்கார்ந்திருக்கிறான். வந்து பாருங்கள்.

நானும் தமிழ் வழியில் படித்தவள்தான். எம்.ஏ. இங்கிலீஷ் முதல் வருடம் முழுக்கக் கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் கிடந்தேன். பதில் தெரியும், உச்சரிப்புக்குச் சிரிப்பார்களோ என்று பயம். இருபது வருடம் பாடம் நடத்திய பிறகும் அதே பயத்தோடு நேற்று என் தோழி தலைகுனிந்து நின்றாள். மதியம் சாப்பிடவும் இல்லை.

இன்னொன்று. சாயங்காலம் பயணப்படி படிவத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்பதை மட்டும் அந்தப் பயிற்றுநர் சுத்தத் தமிழில், இரண்டு தடவை சொன்னார். யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாதாம்.