நேரம் சரிதானே, பிறகென்ன?

கைமணிக்கூட்டின் டயல் ஒரு நூல் சரிந்து நிற்கிறது என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் கிடைக்கிற முதல் பதில் இதுதான். வீட்டிலும் இதுதான், கூட்டாளிமாரிடமும் இதுதான், பஸ் நிலையப் பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருந்து மணிக்கூடு திருத்துகிற ஐயாவிடமும் இதுதான். "தம்பி, நேரம் சரியா ஓடுதுதானே, பிறகென்ன?" இந்தக் கேள்விக்கு நின்ற நிலையில் பதில் சொல்லி மாளாது. அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதல் விஷயம், நேரம் சரியாக ஓடுவதில்லை. என்னைப் போல பாகங்களைத் தபாலில் எடுப்பித்து வீட்டில் வைத்துப் பூட்டுகிறவர்கள் பெரும்பாலும் போடுவது என்எச்35 என்கிற, பற்றரி இல்லாமல் ஓடுகிற ஜப்பான் ஓட்டோமற்றிக் எந்திரம். அதற்குச் செய்கிறவர்களே கொடுக்கிற கணக்கு, ஒரு நாளைக்கு 20 செக்கன் பிந்தலாம், 40 செக்கன் முந்தலாம். அதாவது ஒரு கிழமையில் நாலரை நிமிடம் முந்தி நின்றாலும் அது பழுதில்லை, கணக்குக்குள்தான். பொக்கற்றுக்குள் கிடக்கிற போன் செக்கன் பிசகாமல் நேரம் காட்டுகிற காலத்தில் ஓட்டோமற்றிக் கட்டுகிறவன் நேரத்துக்காகக் கட்டவில்லை, பார்ப்பதற்காகத்தான் கட்டுகிறான். பார்த்து முடிந்த பிறகு என்ன நேரம் என்று கேட்டால் திரும்ப ஒருக்கால் பார்க்கிற ஆக்கள் நாங்கள். அப்படிப் பார்ப்பதற்கென்றே கட்டுகிற சாமானில் பார்வைக்குக் கோணல் இருந்தால், மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்து என்ன பிரயோசனம்?

ஐயா சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் தொழில் செய்த காலம் வேறு. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லை, பற்றரி வடக்குக்கு வரத் தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. கை ஆட ஆடத் தானாக முறுக்கேறி, பற்றரியே கேளாமல் ஓடுகிற பழைய சீக்கோ 5 கையில் இருந்தவன் அப்போது கொடுத்து வைத்தவன். போதாக்குறைக்கு நேரமே இரண்டாகக் கிடந்தது. 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்து, 2006 ஏப்ரலில்தான் பழையபடி கொண்டுவந்து விட்டது. இடைப்பட்ட காலம் முழுக்க, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரம், இங்கே புதிய நேரம். அரை மணித்தியால வித்தியாசத்தோடு பத்து வருடம் சீவித்த மனிசனிடம் போய் கால் மில்லிமீற்றர் சரிவைப் பற்றிக் கதைத்தால் சிரிக்கத்தான் செய்வார்.

ஆனால் "உனக்கு விசர்" என்கிறவர்களுக்கு ஒரு சொல். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு, சின்ன நீளங்களை அளக்கிற வேணியர் இடுக்கிமானி ஞாபகம் இருக்கும். அந்தக் கருவியே ஓடுவது எங்கள் கண்ணின் ஒரு குணத்தை நம்பித்தான்: இரண்டு கோடு ஒன்றுக்கொன்று நேராக நிற்கிறதா, இல்லையா என்பதைக் கண் அசாத்தியமான நுட்பத்தோடு பிடித்துவிடும், தனித்தனியாக எழுத்தையோ புள்ளியையோ பிரித்துப் பார்க்கிற கூர்மையைவிடப் பல மடங்கு நுட்பம். இப்போது கணக்கைப் பாருங்கள். என்எச்35க்கு வருகிற டயல் வழக்கமாக 28.5 மில்லிமீற்றர் விட்டம். சுற்றளவு கிட்டத்தட்ட 89.5. ஒரு நிமிடக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் 6 பாகை, அது ஓரத்தில் 1.5 மில்லிமீற்றர். ஒரே ஒரு பாகை திரும்பினால் கால் மில்லிமீற்றர். கோடு கோட்டுக்கு நேரே நிற்கவேண்டிய இடத்தில் கால் மில்லிமீற்றர் என்பது கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத் தெரிகிற பிழை. அது தெரிந்தால் விசரில்லை, கண் வேலை செய்கிறது என்று அர்த்தம். இதைச் சொன்னதற்கு என்னைச் சிரித்த ஒருவர் அடுத்த நிமிடம் எழும்பிப்போய் எங்கள் விறாந்தைச் சுவரில் சரிந்து கிடந்த சாமிப்படத்தை நேராக்கிவிட்டு வந்து இருந்தார்.

சரி, கோணல் எங்கிருந்து வருகிறது? எல்லாரும் டயலைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் டயல் பாவம். டயலின் பின்பக்கத்தில் ஊசி மாதிரி இரண்டு சின்னக் கால்கள் இருக்கும், அவை எந்திரத்தில் அவற்றுக்கென்று விட்ட துளைகளுக்குள் இறங்கி நிற்கும். எந்திரம் கேஸுக்குள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கவேண்டும் என்பதைப் நேரம் மாற்றத் திருகுகிற குமிழான கிறவுணில் இருந்து பக்கத்தால் உள்ளே போகிற கம்பி தீர்மானிக்கிறது. ஆக டயலுக்குத் தன் இஷ்டத்துக்குத் திரும்ப இடமில்லை, கால் வளைந்தாலோ துளைக்குள் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலோ ஒழிய. சுதந்திரமாகத் திரும்பக்கூடியது டயலைச் சுற்றி உயர்ந்து நிற்கிற நிமிடக்கோட்டு வளையம். அதற்கு வெளியே பெசல், கண்ணாடியைச் சுற்றிக் கையால் திருப்புகிற வளையம். டயலுக்கு மேலே, அதோடு சேராமல் தன்பாட்டில் நிற்கிற முட்கள். பன்னிரண்டு மணியில் இந்த நாலும் ஒரே கோட்டில் வரவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கிறோம்.

அதனால் என் கட்சி எப்போதும் ஒன்றுதான்: டயலைத் தொடாதே, மற்றதை டயலுக்கு நேராக்கு. வளையம் சரிந்து நிற்கிறது என்பதற்காக டயலைப் பிடித்து அதன் பக்கம் திருகுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கால் வளையும், கொஞ்சம் கூட அழுத்தினால் முறியும். அதோடு திகதி ஜன்னலும் விலகும், இலக்கம் ஒரு பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கோணலைத் திருத்தப் போய் இரண்டை வாங்கி வருவது.

வளையத்தை நேராக்குவது சொல்லச் சுகம். பின்மூடியைக் கழற்று, கிறவுண் கம்பியை விடுவி, எந்திரத்தை வெளியே எடு, வளையத்தை ஒரு பல்லுக்குத்துகிற குச்சியால் மெல்லத் தள்ளு, திரும்பப் போடு. ஆனால் எந்திரத்தை உள்ளே இறக்கும்போது டயலின் ஓரம் வளையத்தில் உரசும், கம்பியைச் செருகுவதற்காக எந்திரத்தை ஒரு சொட்டுத் திருப்பவேண்டி வரும், அந்தத் திருப்பலோடு வளையமும் சேர்ந்து திரும்பும். போட்டு நிமிர்த்திப் பார்த்தால் முந்தி இடப்பக்கம் சரிந்திருந்தது இப்போது வலப்பக்கம். அப்புறம் திரும்பக் கழற்று. இதெல்லாம் சோளகக் காற்றுக் காலத்தில் ஜன்னலைப் பூட்டி, தூசி பறக்கும் என்று ஃபானையும் நிற்பாட்டி, நெற்றி வியர்வை டயலில் விழாமல் துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு இருந்து செய்கிற வேலை. பழகப் பழக ஒரு விஷயம் கைக்கு வரும்: வளையத்தை நேராக வைக்கக்கூடாது, எந்திரம் எந்தப் பக்கம் இழுக்குமோ அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை தள்ளி வைக்கவேண்டும், இறக்கும்போது அதுவே வந்து நேரில் நிற்கும். இந்த மினக்கேட்டில் எனக்கு உள்ள சந்தோசமே அந்த இடம்தான்.

முட்கள் கொஞ்சம் நல்ல சாதி. திகதி மாறுகிற வரைக்கும் கிறவுணைத் திருப்பி, மாறிய கணத்தில் நிற்பாட்டி, சின்ன முள்ளையும் பெரிய முள்ளையும் பன்னிரண்டில் குத்தவேண்டும். பிறகு ஆறு மணிக்குக் கொண்டுபோய் இரண்டும் ஒரே நேர்கோடாக நிற்கிறதா என்று பார்த்தால் போதும், வஞ்சகம் இல்லாமல் தெரிந்துவிடும். பெசல்தான் பிடிவாதக்காரன். ஒரு சுற்றுக்கு 120 கிளிக் போடுகிற பெசல் என்றால் ஒரு கிளிக் 3 பாகை, அரைக் கிளிக் தள்ளி நிற்கிற பெசலை எந்தப் பக்கம் திருப்பினாலும் நேர் வராது. மேலே ஒட்டியிருக்கிற தட்டைக் கிளப்பி மாற்றி ஒட்டுவதுதான் ஒரே வழி.

இவ்வளவும் சொல்கிற நானே எதிர்க்கிற ஒரு கூட்டமும் உண்டு. போனை மணிக்கூட்டின் மேல் கவிழ்த்துப் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கி, அதன்மேல் சிவப்புக் கோடு கீறி அனுப்பி "அண்ணை இது நேரா?" என்று கேட்கிறவர்கள். முள்ளும் வளையமும் டயலும் ஒரே தளத்தில் இல்லை, கமரா கொஞ்சம் சரிந்தாலே எல்லாம் இடம் மாறித் தெரியும். நூலகத்துப் பக்கம் போனால், 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாகக் கட்டிய எங்கள் மணிக்கூட்டுக் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள், பிறகு தூரப் போய் நின்று பாருங்கள், முள் நிற்கிற இடத்தில் வித்தியாசம் தெரியும். படம் எடுத்தே ஆகவேண்டும் என்றால், கண்ணாடியில் தெரிகிற கமராவின் நிழல் சரியாக நடுவில் வரும்படி பிடித்து எடுங்கள். ஆனால் என் கட்டளைக்கல், கையில் கட்டிக்கொண்டு சாதாரணமாகப் பார்க்கிற தூரம். அங்கே தெரிந்தால் திருத்து. பூதக்கண்ணாடியில் மட்டும் தெரிகிற பிழை பூதக்கண்ணாடியோடு இருக்கட்டும்.

"இந்த விலைக்கு இவ்வளவுதான் வரும்" என்கிற கதையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நிமிடக்கோட்டை டயலிலேயே அச்சடித்தால் அது எந்தக் காலத்திலும் கோணாது, மிக மலிவான மணிக்கூட்டிலும் கோணாது. ஆழமாகத் தெரியவேண்டும், வடிவாக இருக்கவேண்டும் என்று கோடுகளைத் தனி வளையத்தில் போட்டது செய்தவனின் விருப்பம். வடிவுக்காகப் பிரித்தவன் நேராகப் பூட்டித் தரவும் வேண்டும், அதற்கு விலையைச் சாட்டக்கூடாது.

கடைசியாக ஒன்று. வீட்டில் அப்பாவின், தாத்தாவின் பழைய மணிக்கூட்டில் டயல் கால் முறிந்து ஆடிக்கொண்டிருந்தால் யாரையும் சுப்பர் குளூ போட விடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் மணிக்கூட்டுக்கு ஒரு கடையில் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள். டயல் நேராகத்தான் ஒட்டியிருந்தது, ஆனால் அந்தப் பசையின் ஆவி கண்ணாடியின் உள்பக்கத்திலும் கறுப்பு டயலிலும் வெள்ளையாகப் படிந்து போயிற்று. இதற்கென்றே இரண்டு பக்கமும் ஒட்டுகிற சின்னச் சின்ன வட்டங்கள் விற்கிறார்கள், வேண்டுமென்றால் பிறகு கழற்றவும் முடியும். என்னிடம் கொஞ்சம் கிடக்கிறது, யாழ்ப்பாணத்துக்குள் இருக்கிற யாருக்கும் தேவை என்றால் உள்பெட்டிக்கு வாருங்கள், காசு வேண்டாம்.