காவிரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்காதா?

ஒரு பக்கம் கலங்கல், மறுபக்கம் நீலம், நடுவே நுரைக்கோடு. "பூம்புகாரில் இரண்டு நீரும் கலப்பதே இல்லை, கோட்டுக்கு இந்தப் பக்கம் எப்போதும் நல்ல தண்ணீர்" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கோடு நிஜம்தான். விளக்கம் தவறு.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதனால் ஆற்றுநீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் கனம். வெள்ளக் காலத்தில் கலங்கல் நீர் மேலே பரவும். உப்புநீர் அடியில் ஆப்பு மாதிரி உள்ளே நுழையும். கண்ணுக்குத் தெரிவது அந்த மேல்நீரின் விளிம்பு. நுரையும் குப்பையும் அங்கே ஒதுங்குவதால் கோடாகிறது. அலையும் காற்றும் ஓதமும் அதைக் கலக்கிக்கொண்டேதான் இருக்கின்றன. காலையில் பார்த்த கோடு மாலையில் அதே இடத்தில் நிற்காது.

நீங்களே சோதிக்கலாம். மேல்நீரை அப்படியே அள்ளலாம். அடிநீருக்கு, கல் கட்டிய பாட்டிலைத் தக்கையால் மூடி இறக்கி, தரை தட்டியதும் தக்கையில் கட்டிய தனிக் கயிற்றை இழுக்க வேண்டும். திறந்தபடி இறக்கினால் மேல்நீரே நிரம்பிவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான். இறால் பண்ணைகளில் வைத்திருக்கும் உப்புமானியில் கோட்டின் இருபுறமும் மேல்நீரையும் அடிநீரையும் பாருங்கள். 0, 35 மட்டுமல்ல, இடைப்பட்ட எண்களும் வரும். கலந்தால்தானே அப்படி வரும்?

ஆற்றில் வரத்து குறைந்த கோடையில் உப்புநீர் ஆற்றுக்குள் இன்னும் தூரம் ஏறும். வீடியோவை நம்பி நாற்றங்காலுக்கு இறைக்காதீர்கள். லிட்டருக்கு 2 கிராம் உப்பே பயிருக்குக் கெடுதல். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் சோதித்துத் தருகிறார்கள். அந்த வீடியோ வந்தால் அடுத்த குரூப்புக்குத் தள்ள வேண்டாம்.