கொரியப் பிள்ளைகள் வெளிநாடு போவது பற்றி

தென் கொரியாவில் பள்ளிப் பிள்ளைகளைப் படிக்க வெளிநாடு அனுப்புவது வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. 2006-இல் சுமார் 29,500 பேர் போனார்கள், அதுதான் உச்சம். 2008 நிதி நெருக்கடியில் கொரிய நாணயமான வொன்னின் மதிப்பு சரிந்ததும் எண்ணிக்கை இறங்கி, 2016-இல் 9,000-க்கும் கீழே வந்துவிட்டது. அப்பா சியோலில் தனியாக இருந்து சம்பாதித்து அனுப்ப, அம்மாவும் பிள்ளைகளும் கனடாவின் வான்கூவரில் வாடகை வீட்டில் இருந்த கதைகள் உண்மைதான், படிக்கவே மனசு கஷ்டப்படும். ஆனால் அவற்றில் பல அந்த உச்சக் காலத்தில் வந்தவை, பகிரும் முன் தேதியைப் பாருங்கள். எண்ணிக்கையைச் சரிபார்க்க, கொரியக் கல்வி மேம்பாட்டு நிறுவனம் வெளியிடும் கல்விப் புள்ளிவிவரங்களில் வெளிநாடு போன மாணவர்கள் அட்டவணையை ஆண்டுவாரியாகப் பாருங்கள், உலாவியின் மொழிபெயர்ப்பே போதும்.