33 பேர் விலையில் ஒரு கார்

அம்மாவிடம் 5000 ரூபாய் என்று சொல்லியிருக்கிறேன். அவர் முகநூல் பக்கம் வரமாட்டார் என்ற தைரியத்தில் இங்கே உண்மையைச் சொல்கிறேன்: ஏறத்தாழ 45,000. என் மேசையில் நிற்கும் ஆரஞ்சு நிற போர்ஷே மொடல் காரின் கிட்டுக்கு, அதாவது நாமே பூட்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டிக்கு, மட்டும் அவ்வளவு. பெயிண்ட், தின்னர், பசை எல்லாம் தனிக்கணக்கு.

அம்மா முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். நாள் முழுக்க மலையில் நின்றால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம்; பாதியில் இறங்கினால் அரைப்பேர். எங்கள் வீட்டில் எந்தச் சாமானின் விலையும் கடைசியில் ‘அது எத்தனை பேர்?’ என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும். 2024-இல் நிர்ணயித்த 1350 ரூபாய் நாட்சம்பளத்தில் என் போர்ஷே 33 பேர். மழை, அட்டைக்கடி எதையும் கணக்கில் எடுக்காமல். இதை எப்படி அம்மாவிடம் சொல்வது?

ஆனால் பாடசாலையில் ஒரு சக ஆசிரியர், “சேர், ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு இவ்வளவா? உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க” என்றபோது எனக்குக் கோபம் வந்தது. விலை எனக்கு அதிகம்தான். அதற்காக அந்தப் பெட்டி ஏமாற்று வேலையாகிவிடாது. இரண்டும் வேறு வேறு.

நான் கணிதம் படிப்பிப்பவன், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மொடல் கார்களில் எல்லோரும் கட்டுவது 1/24 அளவு, அதாவது நிஜக் காரின் நீளத்தில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. ஒரு போர்ஷே 911 அந்த அளவில் 18 சென்ரிமீற்றர் வரும், உள்ளங்கையில் ஏந்தலாம். 1/12 என்றால் 36 சென்ரிமீற்றர். நீளம் இரண்டு மடங்குதானே, விலையும் இரண்டு மடங்குதானே இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, கனவளவு எட்டு மடங்கு. பெட்டி பெரிதாகும், பார்சல் கூலி ஏறும். அதைவிட முக்கியம், சின்னதில் கண்ணை ஏமாற்றிவிட்ட இடங்களையெல்லாம் பெரியதில் ஏமாற்ற முடியாது. 1/24-இல் எஞ்சின் பல நேரம் ஒரே கட்டியாக வார்த்த துண்டு, அல்லது அதுவும் கிடையாது. 1/12-இல் பிளக் வயர் வேண்டும், கதவு திறக்க வேண்டும், சக்கரம் திரும்ப வேண்டும், சீட் பெல்ட்டுக்குக் கொக்கி வேண்டும்.

இன்னொன்று அச்சு. உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு செலுத்தும் உருக்கு அச்சு. அதைக் கடைந்து எடுப்பதில்தான் பெரிய காசு போகிறது. ஆயிரம் பெட்டி விற்றாலும் ஒரு லட்சம் விற்றாலும் அச்சின் செலவு ஒன்றுதான். சின்ன கிட்டை வாங்க ஆள் அதிகம், அந்தச் செலவு பலர் தலையில் பிரிகிறது. பெரிய கிட்டை வாங்க ஆள் குறைவு. அப்புறம், கார் கம்பனியின் பெயரையும் சின்னத்தையும் போட அவர்களுக்கும் காசு கட்ட வேண்டும்.

நான் கட்டியது 1/12 போர்ஷே 934, 911-இன் பந்தய வடிவம். அது ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா கம்பனி 1976-இல் முதலில் விட்ட கிட். கார் சரியாக வர வேண்டும் என்பதற்காக கம்பனி நிறுவனரின் மகன் சுன்சாகு தமியா நிஜமான 911 ஒன்றையே வாங்கி, அக்கு அக்காகக் கழற்றிப் பார்த்தார். கிட் விற்று மட்டும் அந்தச் செலவை எடுக்க முடியவில்லை. அதே வருடம் அதே உடலுக்குள் மோட்டாரும் பெற்றரியும் வைத்து ரிமோட் காராக விட்டார்கள். தமியாவின் முதல் ரிமோட் கார் அதுதான். இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். தோட்டத்து ஃபெக்டரியிலும் பிறகு டவுண் கராஜிலும் மெக்கானிக்காக இருந்தவர். “கழட்டுறது லேசுடா. திருப்பிப் பூட்டுனாராமா, அதக் கேளு” என்றார்.

எனவே 45,000-த்தில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை அதற்கு மேலே உள்ள விலைகளோடு.

இத்தாலியின் டூரின் நகரத்தில் தொடங்கிய போச்சர் என்ற கம்பனியின் பெயரை பெரிய கிட் பிரியர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவர்களின் பழைய 1/8 கிட்டுகள், அல்பா ரோமியோ மொன்சா, ரோல்ஸ் ரொய்ஸ் பேன்டம் போன்றவை, கட்டுபவனை அழவைப்பவை. ரோல்ஸ் ரொய்ஸில் 2000-க்கும் மேல் பாகங்கள். மொன்சாவின் சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கையால் கோர்க்க வேண்டும். பொருந்தாததை அரத்தால் ராவிப் பொருத்த வேண்டும். அந்தப் பெயர் 2004-இல் பிரித்தானியாவின் ஹோர்ன்பி கம்பனியிடம் போனது. 2010-களில் லம்போகினி அவன்டடோர் போன்ற புதுக் கார்களோடு போச்சர் திரும்பி வந்தபோது, பெட்டிக்குள் உடல் உலோகத்தில் வார்த்து, பெயிண்ட் அடித்து, பளபளவென்று தயாராக இருந்தது. நமக்கு மிச்சம் வைத்த வேலை பெரும்பாலும் ஸ்க்ரூ முறுக்குவது.

500 டொலருக்கு மேல் கொடுத்து ஸ்க்ரூ முறுக்குவதா? டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் ஒன்றரை லட்சம். 111 பேர். கராஜில் அது புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கொடுக்கும் வேலை.

வாராவாரம் ஒரு இதழோடு மொடல் காரின் நாலு பாகம் அனுப்பும் வியாபாரம் இதைவிட மோசம். முதல் இதழ் சும்மா கொடுப்பது மாதிரி கொடுப்பார்கள். பிறகு இதழுக்கு 9 பவுண்ட் என்றால் 100 இதழ் முடியும்போது 900 பவுண்ட். மொத்த விலையை ஒரே தடவையில் சொன்னால் யார் வாங்குவார்கள்? சீட்டுக் கட்டுவதுபோல் கட்ட வைக்கிறார்கள். வேலை? அதே ஸ்க்ரூ.

இதே விலையில் ஜப்பானின் மொடல் ஃபெக்டரி ஹிரோ மாதிரி கம்பனிகளும் இருக்கின்றன. வெள்ளீயக் கலப்பில் வார்த்த பாகம், ரெசின், அமிலத்தில் அரித்தெடுத்த மெல்லிய தகடு. ஒவ்வொன்றையும் தேய்த்து, துளைத்து, பெயிண்ட் அடித்து நீங்களேதான் காராக்க வேண்டும். அந்தப் பெட்டியை நான் வாங்கப்போவதில்லை, என்னால் முடியாது. ஆனால் வாங்குபவரைப் பார்த்துச் சிரிக்கமாட்டேன். அவர் காசு கொடுத்து வேலையை வாங்குகிறார். மற்றவர் காசு கொடுத்து, வேலை செய்த பெயரை மட்டும் வாங்குகிறார். (நேரமில்லாதவர்கள், கை நடுங்கும் பெரியவர்கள் வாங்கட்டும். நான் சொல்வது அவர்களை அல்ல.)

இனி மலைநாட்டுக் கணக்கு. கிட்டை மச்சான் ஜப்பானிலிருந்து வரும்போது சூட்கேசில் வைத்துக் கொண்டுவந்தான். பெயிண்டைக் கொண்டுவர முடியாது. தீப்பற்றும் சாமான், விமானத்தில் ஏற்றமாட்டார்கள். ஆகவே டவுணில் வாகனப் பெயிண்ட் கடைக்குப் போய், லொறிக்கு அடிக்கும் என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயிண்டில் ஆரஞ்சு கலக்கச் சொன்னேன். “என்ன வாகனம் சேர்?” என்றார் கடைக்காரர். போர்ஷே என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

அந்தப் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். முதலில் யோகட் கரண்டிகளில் அடித்துப் பார்த்தேன். மூன்று கரண்டி சுருங்கிப் போனது. பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, அதன்மேல் காய்ந்தும் காயாமல் மெல்லிய பூச்சாக அடித்த பிறகுதான் சரிவந்தது. பெயிண்டைத் தூவும் காற்றுக்கு, பழுதான ஃபிரிஜ்ஜிலிருந்து அப்பா கழற்றிச் செய்துகொடுத்த கொம்பிரசர். கடையில் வாங்கினால் அது இன்னொரு பத்துப் பதினைந்து பேர்.

எங்கள் ஊர் நானுஓயாவின் பனியை மறந்துவிட்டு ஒரு பின்னேரம் காரின் உடலுக்குக் கடைசிப் பூச்சு அடித்தேன். பத்து நிமிடத்தில் ஆரஞ்சின் மேல் பால் ஊற்றியதுபோல் வெள்ளை பூத்துவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிவதால் வருவது. எனக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியும், அடிப்பதற்கு முன்னால்தான் ஞாபகம் வரவில்லை. 33 பேர் கண்முன்னால் வெளுத்து நின்றது. அப்பா வந்து பார்த்தார், திட்டவில்லை. “நாளைக்கு வெயில் ஏறட்டும், பத்து மணிக்கு மேல வெறும் தின்னர லேசா தூவு” என்றார். தூவினேன். வெள்ளை கரைந்து, பெயிண்ட் மறுபடி உருகிப் படிந்து, அடியிலிருந்து ஆரஞ்சு மேலே வந்தது. உடல் தயாராக வரும் ஒன்றரை லட்சப் பெட்டியில் இந்தக் காலை நேரம் கிடையாது.

“வாங்கி வை சேர், பிறகு விலை ஏறும்” என்று ஆலோசனை சொல்பவர்களும் உண்டு. அதை நம்பிப் பெட்டியைப் பிரிக்காமல் அடுக்காதீர்கள். கம்பனி அதே அச்சில் மறுபடி அடித்து விட்டால் பழைய பெட்டியின் விலை விழும். நம் நாட்டில் ஏறுவது டொலர்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த டொலர் மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. பெட்டிக்குள் ஒரு திருகாணி கூட மாறாமலே விலை ஏறியது. நிஜக் கார் இறக்குமதியும் 2020-இலிருந்து 2025 வரை அடைபட்டுக் கிடந்தது, அந்தக் கதை வேறு.

தொடங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: 1/24-இல் தொடங்குங்கள். முதல் காரைப் பசை ஒழுகிக் கெடுப்பீர்கள். கெட்டுப் போவது சின்ன விலையாக இருக்கட்டும். 1/8 பக்கம் போகவே வேண்டாம். போர்ஷே அந்த அளவில் 54 சென்ரிமீற்றர், ஏறத்தாழ இரண்டு அடி. தோட்டத்து லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அதை எங்கே வைப்பது? சாமித் தட்டிலா?

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா காரைத் தூக்கி, பின்பக்க மூடியைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். “ரேடியேட்டர் காணோமே?” என்றார். காற்றில் குளிரும் எஞ்சின் என்றேன். “அட, நம்ம வோக்ஸ்வேகன் மாதிரி” என்று மூடியைச் சாத்தினார். பக்கத்தில் அம்மா நின்றார். “அஞ்சாயிரத்துக்கு இவ்வளவு சாமானாடா?” என்று கேட்டார். நான் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

கால் லீற்றர் ஆரஞ்சு மிச்சம் இருக்கிறது. நானுஓயா, தலவாக்கலைப் பக்கம் யாருக்காவது ஓட்டோவுக்கோ லொறிக்கோ தட்டிப்பூச வேண்டுமென்றால் இன்பொக்ஸில் வாருங்கள். காசு வேண்டாம், வெறும் டின்னை மட்டும் திருப்பித் தாருங்கள்.