பஞ்சசீலம் பாண்டுங்கில் பிறக்கவில்லை

குன்னூர், கோத்தகிரி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: '1955-ல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்க மாநாட்டில் நேரு கையெழுத்திட்டதுதான் பஞ்சசீல ஒப்பந்தம்.' டீக்கடை வரை வந்துவிட்டது. ஆனால் தவறு.

1954 ஏப்ரல் 29 அன்று பெய்ஜிங்கில் கையெழுத்தானது, திபெத்துடனான வணிகம், போக்குவரத்து பற்றிய இந்திய–சீன ஒப்பந்தம். சந்தை, யாத்திரை, கணவாய் என்று போகிற அந்தக் காகிதத்தின் முகவுரையில்தான் பஞ்சசீலம் எனப்படும் ஐந்து கொள்கைகளும் இருக்கின்றன: ஒருவர் எல்லையையும் இறையாண்மையையும் மற்றவர் மதிப்பது, ஆக்கிரமிக்காதது, உள்விவகாரத்தில் தலையிடாதது, சமத்துவமும் பரஸ்பர நன்மையும், சமாதான சகவாழ்வு. கையெழுத்திட்டவரும் நேரு அல்ல, தூதர் என். ராகவன். ஆயுள் எட்டே ஆண்டு. 1962 ஜூனில் காலாவதி. அக்டோபரில் போர்!

சரி, பாண்டுங்? அங்கே வெளியானது பத்துக் கொள்கைகள் கொண்ட வேறு அறிக்கை. ஐந்தின் சாயல் அதில் உண்டு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.